முன் இடது சக்கரம்

மூன்றாவது கை சிவிக் டைப் ஆர்.
வெள்ளை. பதின்மூன்று வயது.
நான்கு பிஸ்டன் பிரெம்போ, பந்தயத் தடத்துக்கான பேட்.
பாசிர் கூடாங்கில் ஓட்டியவன் சாவியைத் தரும்போது
"சூடானாதான் பிடிக்கும் அக்கா" என்றான்.
சூடாகாதபோது என்ன செய்யும் என்று சொல்லவில்லை.

லாபிஸ் முழுக்கக் கேட்கும்.

செம்பனை ஆலையில் கொதிகலன் என் பொறுப்பு.
எந்த வால்வு எந்தச் சுருதியில் அழும் என்று
கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.
என் காரின் வாயை மட்டும்
பத்து மாதமாய் அடைக்க முடியவில்லை.

பகலில், சமிக்ஞை விளக்கில், அது வெறும் சத்தம்.
இரவு பத்தரைக்கு, தாமான் மெலாத்தியில்,
மூக்குக் கண்ணாடிக் கடை சவரிநாதன் வீட்டு முன்னால்,
அறிவிப்பு.

எதிர்வீட்டு மங்களேஸ்வரி
அந்த நேரம் பார்த்துத்தான் ரோஜாவுக்குத் தண்ணீர் விடுவார்,
மழை பெய்துகொண்டிருந்தாலும்.
பக்கத்து வீட்டு பாக் சிக் ரொஸ்லி மட்டும் நேரே கேட்டார்,
பிரேக் கெட்டுப்போச்சா என்று.
கெட்டது பிரேக் இல்லை, பேர்
என்றாள் அம்மா, போனில்.
லாபிஸில் மிதித்தது
சுங்கைப்பட்டாணி வரை கேட்டிருக்கிறது.

கொஞ்ச நாள் பிரேக்கைத் தொடாமலே நிற்கப் பழகினேன்.
மூன்று, இரண்டு என்று கியரை இறக்கி,
கைப்பிரேக்கைப் பல் பல்லாக இழுத்து.
என்ஜின் உறுமியது.
மங்களேஸ்வரி ரோஜாவிலிருந்து மல்லிகைக்கு நகர்ந்தார்.

"ரேஸ் பேட் எல்லாம் இப்படித்தான் லா,
சாதா பேட் போடு" என்றான் ஆ செங்.
மாட்டேன் என்றேன்.
யோங் பெங் இறக்கத்தில், குலை லாரிக்குப் பின்னால்,
ஒரு முழம் மிச்சம் வைத்து
என்னை இந்தப் பக்கம் நிறுத்தியது அதுதான்.

அவன் பட்டறையில் நானே கழற்றினேன்.
பேட்டின் முகம் கண்ணாடியாய் மின்னியது; மணல்தாளில் தேய்த்தேன்.
கூரான விளிம்பு தட்டைப் பிடித்துப் பிடித்து விடும்,
அந்த நடுக்கம்தான் குரல்;
விளிம்பைச் சாய்வாக அரவினேன்.
முதுகுக்குப் புதுத் தகடு. செம்புப் பசை, ஒரு விரல்நுனி.
முன் இடது சக்கரத்தில் ஒரு பிஸ்டன் நகரவே இல்லை.
ஆலைச் சாலையின் செம்மண்
உள்ளே கல்லாகியிருந்தது.

விடியற்காலை ஐந்துக்கு செகாமாட் சாலையில்
நூறிலிருந்து முப்பதுக்கு, முழுக்க நிற்காமல்,
எட்டுத் தடவை.
வறுபட்ட இரும்பின் மணம்.
பிறகு மிதிக்காமல் பத்துக் கிலோமீட்டர் ஆறவிட்டேன்.
எலி பிடிக்கத் தோட்டம் வளர்க்கும் ஆந்தை
மரப்பெட்டியிலிருந்து தலையை மட்டும் திருப்பிப் பார்த்தது.

அன்றிரவு கார்
எண்ணெயில் வழுக்கியது போல் வந்து நின்றது.
எதிர்வீட்டில் குழாய் திறக்கவில்லை.
எனக்கே என்மேல் மரியாதை வந்தது.
கதவைத் தட்டினேன்.
உள்ளே ஏதோ விழுந்து உடைந்தது.
திறந்தவன் கையில் திருப்புளி,
மூக்குக் கண்ணாடித் திருகுக்கானது, குண்டூசி அளவு.
அதை வைத்து யாரைக் குத்த இருந்தானோ.

"திருடி மாதிரி வராதே" என்றான்.
ஊருக்காகத்தான், என்று தொடங்கினேன்.
"ஊருக்கு எப்பவோ கேட்டாச்சு.
எனக்குத்தான் இன்னைக்குக் கேக்கல.
அந்தச் சத்தம் வந்தாத்தான் நான் தண்ணி வைப்பேன்."

இருந்த கோப்பை இரண்டில் ஒன்று உடைந்துவிட்டது.
மற்றதில் மாற்றி மாற்றிக் குடித்தோம்.

பழையபடி ஆக்கவில்லை.
எனக்கும் தொழில் கௌரவம் இருக்கிறது.
மழைக்கு மறுநாள் தட்டில் மெல்லிய துரு பூக்கும்,
முதல் மிதியில் முன் இடது சக்கரம்
ஒரு சொல் சொல்லும், அவ்வளவுதான்.
மற்ற நாள்களில் ஹாரன் அடிக்கிறேன்.
ஒரு தடவை, நன்றாக,
மங்களேஸ்வரிக்கும் சேர்த்து.